பயிற்சியின் பயன் படுக்கையருகே தெரிய வேண்டும்

நள்ளிரவு கடந்த நேரம். குழந்தை பெற்று இரண்டு மணி நேரமே ஆன தாய் ஒருத்தி மகப்பேற்று வார்டில் படுத்திருக்கிறாள். அவளுடைய நாடித்துடிப்பு விரைவதையும், விரிப்பில் குருதிக் கசிவு மிகுவதையும் இரவுப் பணியில் இருக்கும் இளம் செவிலியர் காண்கிறார். மருத்துவர் சற்று முன்புதான் ஓய்வறைக்குச் சென்றார். உடனே எழுப்பலாமா, இன்னும் சிறிது நேரம் பார்க்கலாமா? எழுப்பினால் கடிந்துகொள்வாரோ? அந்தத் தயக்கம் இரண்டு நிமிடத்தில் தீருமா, இருபது நிமிடம் நீளுமா என்பதில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது.

இது எந்த மருத்துவமனையிலும் நிகழக்கூடிய காட்சி. மகப்பேற்றுக்குப் பின் ஏற்படும் குருதிப்போக்கு, தாய்மார்களின் இறப்புக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அந்தச் செவிலியருக்கு அதன் அறிகுறிகள் நன்கு தெரியும். தேவையான ஊசி மருந்தும் குளிர்பெட்டியில் இருக்கிறது. அறிவும் மருந்தும் இருந்தும், உரிய நேரத்தில் வாய் திறக்கும் துணிவு அவருக்கு வர வேண்டும். அவர் அழைத்தால் முகம் சுளிக்காமல் எழுந்து வரும் பண்பு மருத்துவருக்கு இருக்க வேண்டும். மருத்துவத் துறையில் தலைமைப்பண்பு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான்.

இப்பண்பை வளர்ப்பதற்காக மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நாடெங்கும் பயிற்சிகள் நடத்தப்படுகின்றன. அவற்றுக்குப் பணம் செலவாகிறது. பணி நாள்களும் செலவாகின்றன. பயிற்சிக்குச் செவிலியர் ஒருவர் சென்றால் அன்று அவருடைய வார்டைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் வேண்டும். அந்தச் செலவுக்கு ஈடான பயன் நோயாளிக்குக் கிடைக்கிறதா? அதை எவ்வாறு அறிவது? இக்கேள்விகள் மருத்துவமனை நிருவாகிகளுக்கு மட்டும் உரியவை என்று பலர் எண்ணுவர். உண்மையில் இவை நோயாளிகளாகிய உங்களுக்கும், இரவு பகலாக உடனிருக்கும் குடும்பத்தாருக்கும் உரியவை. பயன் கிடைத்ததா என்பதற்கு மிக அருகில் இருக்கும் சாட்சிகள் நீங்களே.

தலைமை என்பது நாற்காலி அன்று

தலைமை என்ற சொல்லைக் கேட்டவுடன் பதவியும் தனி அறையும் நம் நினைவுக்கு வருகின்றன. மருத்துவமனையில் அது பலருடைய கைகளில் பரவிக் கிடக்கிறது. காலைப் பணிக்கு வரும் செவிலியரிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் விடாமல் எடுத்துரைத்துவிட்டுச் செல்லும் இரவுச் செவிலியர் தலைமைப்பண்பு உடையவர். மருந்து தீரும் முன்பே கணக்குப் பார்த்து எழுதி அனுப்பும் மருந்தாளுநரும், தவறு நேர்ந்தால் மறைக்காமல் முதலில் தாமே சொல்லும் மருத்துவரும் அத்தகையவர்களே.

நம் ஊர் நிலையிலேயே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். பாப்பாரப்பட்டியில் முதலுதவி பெற்ற நோயாளி ஒருவர் மேல்சிகிச்சைக்காக 108 வாகனத்தில் தருமபுரிக்கு அனுப்பப்படுகிறார் என்று கொள்வோம். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எந்த அளவில் தரப்பட்டது என்பதை ஒருவர் தெளிவாக எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார். அடுத்த மருத்துவமனைக்குத் தொலைபேசியிலும் தெரிவிக்கிறார். அவ்வாறு செய்யும்படி மேலதிகாரி எவரும் அவர் பக்கத்தில் நின்று சொல்லவில்லை. பொறுப்பைத் தம்முடையதாக ஏற்றதால் செய்கிறார். நல்ல பயிற்சி இத்தகைய செயல்களைத் தற்செயலாக விடாமல் வழக்கமாக்க வேண்டும்.

மதிப்பிடுவதில் நான்கு படிகள்

பயிற்சியின் பயனை அளக்க உலகெங்கும் பெரிதும் கையாளப்படும் முறை ஒன்று உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் அதை எழுதத் தொடங்கினார். அது நான்கு படிகளைக் கொண்டது. அவற்றை நம் மாவட்டத்து உழவர் ஒருவரைக் கொண்டு விளங்கிக்கொள்வது எளிது.

கேழ்வரகு சாகுபடி குறித்த ஒரு நாள் பயிற்சிக்கு உழவர் ஒருவர் செல்கிறார். மாலையில், "பயிற்சி எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நன்றாக இருந்தது, சாப்பாடும் நன்றாக இருந்தது" என்கிறார். இது முதற்படி: பங்கேற்றவரின் மனநிறைவு. நாற்றை எவ்வளவு இடைவெளியில் நட வேண்டும் என்று கேட்டால் சரியாகச் சொல்கிறார். இது இரண்டாம் படி: கற்றது. அடுத்த பருவத்தில் அவருடைய வயலுக்குச் சென்று பார்த்தால் உண்மையாகவே அந்த இடைவெளியில் நட்டிருக்கிறார். இது மூன்றாம் படி: செயலில் மாற்றம். அறுவடையில் மூட்டைகள் கூடியிருக்கின்றன. இது நான்காம் படி: விளைவு.

உழவர்கள் உடனே ஒன்றைக் கேட்பார்கள்: மழை பொய்த்தால் என்ன செய்வது? சொன்னபடியே நட்டும் விளைச்சல் குறையலாம்; பழைய முறையில் நட்டவருக்கும் நல்ல மழையால் விளைச்சல் பெருகலாம். ஆகவே மூட்டைகளை மட்டும் எண்ணிப் பயிற்சியைப் பாராட்டவும் முடியாது, பழிக்கவும் முடியாது. பயிற்சி பெறாத பக்கத்து வயலையும் உடன் வைத்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். மருத்துவமனைப் பயிற்சிக்கும் இக்கேள்வி அப்படியே பொருந்தும்.

பெரும்பாலான மதிப்பீடுகள் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகின்றன. கடைசி நாளில் ஒரு படிவம் தரப்படும், அனைவரும் மிக நன்று என்று குறிப்பர், சான்றிதழ் வழங்கப்படும், குழுப் படம் எடுக்கப்படும். மருத்துவர்களுக்கான தலைமைப் பயிற்சிகளைப் பற்றி வெளிவந்த 45 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015-இல் வெளியானது. அவற்றுள் மருத்துவமனை அளவில் நல்ல விளைவைப் பதிவு செய்தவை 6 மட்டுமே. மற்றப் பயிற்சிகள் பயனற்றவை என்பது இதன் பொருள் அன்று. பயன் இருந்ததா என்று பெரும்பாலோர் நான்காம் படி வரை சென்று பார்க்கவில்லை என்பதே பொருள்.

உத்தரப் பிரதேசம் கற்றுத்தந்த பாடம்

நான்காம் படி வரை சென்று பார்த்த பெரிய ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான மகப்பேற்றுக்கென 28 செயல்களைக் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வகுத்திருந்தது. கை கழுவுதல், உரிய நேரத்தில் ஊசி மருந்து தருதல், பிறந்த குழந்தையைத் தாயின் உடலோடு அணைத்து வைத்தல் போன்றவை அதில் அடங்கும். உத்தரப் பிரதேசத்தின் 24 மாவட்டங்களில் 120 மருத்துவ நிலையங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பாதி நிலையங்களில் பட்டியலோடு எட்டு மாத வழிகாட்டலும் தரப்பட்டது. மற்றப் பாதி வழக்கம் போல் இயங்கியது.

ஒரு நாள் வகுப்பெடுத்துவிட்டுப் போகும் பயிற்சி அன்று அது. அனுபவமுள்ள செவிலியர்கள் மகப்பேற்று அறைக்கே வந்து, பிரசவம் பார்ப்போருடன் நின்று, எது நன்றாக நடந்தது, எது விடுபட்டது என்று பேசினார்கள். தொடக்கத்தில் அடிக்கடி வந்தவர்கள் போகப்போக வருகையைக் குறைத்துக்கொண்டார்கள். நிலையங்களின் பொறுப்பாளர்களுக்கும் தனியே வழிகாட்டல் இருந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களும் அவர்தம் குழந்தைகளும் இந்த ஆய்வில் இடம்பெற்றனர். முடிவுகள் 2017-இல் வெளிவந்தன.

மூன்றாம் படியில் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. வழிகாட்டல் தொடங்கி இரண்டு மாதங்களில், செய்ய வேண்டிய செயல்களுள் சராசரியாக 72.8 விழுக்காடு செய்யப்பட்டன. வழிகாட்டல் இல்லாத நிலையங்களில் இது 41.7 விழுக்காடு. வழிகாட்டல் முடிந்த பிறகு, பன்னிரண்டாம் மாதத்தில், 72.8 என்பது 61.7 ஆகக் குறைந்தது. அப்போதும் மற்ற நிலையங்களின் 43.9 விழுக்காட்டைவிட அது உயர்ந்தே இருந்தது. உடன் நின்று சொல்லிக்கொடுத்தால் பழக்கம் மாறும். உடனிருப்பவர் விலகினால் ஒரு பகுதி நழுவிப்போகும்.

நான்காம் படியில் ஆய்வாளர்களே எதிர்பாராத விடை வந்தது. தாய் அல்லது குழந்தையின் இறப்பும் தாய்க்கு நேரும் கடும் சிக்கலும் சேர்ந்த கணக்கு ஒரு பக்கம் 15.1 விழுக்காடு, மறு பக்கம் 15.3 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும்.

இதைக் கண்டு, பயிற்சியே வீண் என்று சொல்லிவிடலாமா? உழவரின் மழையை இங்கே நினைவுகூர வேண்டும். செவிலியர் உரிய நேரத்தில் அழைக்கிறார். ஆனால் வருவதற்கு மருத்துவர் இல்லை. குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்று அறிகிறார். ஆனால் மூச்சு மீட்கும் திறன் போதிய அளவு கைவரவில்லை. மேல்சிகிச்சை தேவை என்று முடிவெடுக்கிறார். ஆனால் குருதி வங்கி தொலைவில் இருக்கிறது. நடத்தை மாற்றத்தோடு கைத்திறன், ஆள்பலம், மருந்து, மேல்சிகிச்சைத் தொடர்பு ஆகியவையும் சேர்ந்து வந்தால்தான் உயிர் காக்கப்படும். முதல் படியோடு மதிப்பீட்டை நிறுத்தியிருந்தால் இவ்வுண்மை எவருக்கும் தெரிந்திருக்காது. சான்றிதழ் கொடுத்து வெற்றி என்று அறிவித்திருப்பார்கள்.

அறுவை அரங்கிலும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. அறுவைக்கான சரிபார்ப்புப் பட்டியலில் ஓர் எளிய செயல் உண்டு: கத்தி வைக்கும் முன் அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய் திறந்தவர் பின்னர் ஆபத்தைக் கண்டால் மறுபடியும் வாய் திறப்பார் என்பது அதன் அடிப்படை. புது தில்லி உள்ளிட்ட 8 நகரங்களில் இதை முயன்று பார்த்தபோது அறுவைக்குப் பிந்திய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது என்று 2009-இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அது கட்டாயமாக்கப்பட்டது. அங்கே 101 மருத்துவமனைகளை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில் குறிப்பிடத்தக்க குறைவு தென்படவில்லை. பட்டியல் ஏறத்தாழ அதேதான். உள்ளத்தோடு கடைப்பிடிப்பதற்கும் ஆணைக்காகக் குறியிட்டு வைப்பதற்கும் உள்ள இடைவெளி ஒரு காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதினர்.

நம் மாவட்டத்து மலையடிவாரத்தில்

தொலைவிலிருந்து மட்டும் நாம் பாடம் கற்க வேண்டியதில்லை. தருமபுரி மாவட்டத்திலேயே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், 1993 முதல் ஒரு பெரும் பயிற்சி நடந்துவருகிறது. மருத்துவர்களாகிய ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இணையர் அங்கே பழங்குடி நலப் பணியைத் தொடங்கியபோது மருத்துவமனைக் கட்டடம் இல்லை; குடிசையில்தான் சிகிச்சை. பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் முதலாண்டு நிறைவடையும் முன்பே இறந்துகொண்டிருந்தன என்பது அப்போது அவர்கள் கண்ட கணக்கு.

வெளியிலிருந்து செவிலியர்களை வரவழைத்தால் அவர்கள் நிலைத்திருப்பது அரிது. எனவே அந்தப் பள்ளத்தாக்கின் பெண்களையே தேர்ந்து பயிற்றுவித்தார்கள். இளம்பெண்கள் மருத்துவமனையில் மகப்பேறு பார்க்கவும் நோயாளிகளைப் பேணவும் கற்றார்கள். சிற்றூர்களில் மூத்த பெண்கள் நலப் பணியாளர்களாகி, கருவுற்றோரையும் பச்சிளங் குழந்தைகளையும் கண்காணிக்கக் கற்றார்கள். ஏட்டுக் கல்வி குறைவாக இருந்தது தடையாகக் கருதப்படவில்லை. நோயாளியின் மொழி, உணவு, அச்சம், வீட்டு நிலை ஆகியவற்றை அவர்கள் பிறவியிலிருந்தே அறிந்திருந்தார்கள்.

அங்கே பயிற்சியின் வெற்றியைச் சான்றிதழ் கொண்டு அளக்கவில்லை. எத்தனை குழந்தைகள் முதலாண்டைக் கடந்தன என்பதே அளவுகோல். 147 என்ற அந்த எண் ஆண்டுகள் செல்லச் செல்லப் பன்மடங்கு குறைந்தது. இது பயிற்சி ஒன்றினால் மட்டும் விளைந்தது என்று சொல்வது சரியாகாது. பயிற்சியோடு மருத்துவமனை எழுந்தது, மருத்துவர்கள் அங்கேயே தங்கினார்கள், சாலையும் கல்வியும் வளர்ந்தன. உத்தரப் பிரதேச ஆய்வு விடுபட்டவை என்று நமக்கு உணர்த்தியவை இங்கே ஓரளவு கூடவே வந்தன.

2021-இல் முந்தைய தருமபுரி மாவட்டத்தின் பகுதியான இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையும் இவ்வாறே நோக்கலாம். எத்தனை பெண் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்றார்கள் என்பது ஒரு கணக்கு. அவர்கள் சென்ற வீடுகளில் எத்தனை பேருடைய ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தன என்பதே நோயாளிக்குப் பொருளுள்ள கணக்கு.

நீங்கள் காணக்கூடியவை

மூன்றாம் படியைப் பார்க்கப் பெரிய ஆய்வுக் குழு தேவையில்லை. படுக்கையருகே அமர்ந்திருக்கும் மகளோ, கணவரோ, தம்பியோ நாள்தோறும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

பணி மாறும்போது புதிதாக வரும் செவிலியருக்கு உங்கள் நோயாளியின் நிலை முன்பே தெரிந்திருக்கிறதா, அல்லது எல்லாவற்றையும் நீங்களே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறதா?

மருத்துவரிடம் செவிலியர் தயங்காமல் ஐயம் எழுப்புகிறாரா? எழுப்பினால் மருத்துவர் நின்று கேட்கிறாரா?

மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் பெயரைக் கேட்டு உறுதி செய்கிறார்களா? படுக்கைக்குப் படுக்கை செல்லும்போது கை கழுவுகிறார்களா?

தாமதமோ தவறோ நேர்ந்தால் அதை உங்களிடம் யாரேனும் முன்வந்து விளக்குகிறார்களா?

வீடு திரும்பும்போது, எந்த மருந்து எதற்காக, எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதை உங்களுக்குப் புரியும் தமிழில் சொல்கிறார்களா?

இறுதியாக, எல்லா நோயாளிகளையும் ஒரே மதிப்போடு நடத்துகிறார்களா? இதைச் சொல்லும்போது நம் ஊரில் நினைவாலயம் கொண்டுள்ள சுப்பிரமணிய சிவாவை எண்ணாமல் இருக்க முடியவில்லை. சிறைவாசத்தில் தொழுநோய்க்கு ஆளான அவர், அந்நோயைக் காரணம் காட்டி ரயில் பயணம் மறுக்கப்பட்டபோது நடந்தே ஊர் ஊராகச் சென்றார்; 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் மறைந்தார். இன்று தொழுநோய் கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றிலும் குணமாகிறது. நோயைக் கண்டு விலகும் மனம் அவ்வளவு எளிதில் குணமாவதில்லை. தொழுநோய், காசநோய், எச்.ஐ.வி. உள்ளவரிடம் மருத்துவமனையின் கடைநிலைப் பணியாளர்வரை எவ்வாறு பேசுகிறார்கள் என்பது அங்குள்ள தலைமையைக் காட்டும்.

சொல்லத் தயங்காதீர்கள்

குறையைச் சொன்னால் சிகிச்சை பாதிக்கப்படுமோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. அது இயல்பானதுதான். நோயாளி வார்டில் இருக்கும்போது தயக்கமாக இருந்தால், வீடு திரும்பிய பின்னும் எழுதலாம். "கவனிப்பு சரியில்லை" என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்த நாள், எத்தனை மணி, என்ன கேட்டோம், என்ன நடந்தது என்று எழுதினால் திருத்துவது எளிது. பெயரைச் சுட்டிப் பழிப்பது நோக்கமாக இருக்க வேண்டாம். பெரும்பாலான தவறுகள் ஒருவருடைய கெடுமனத்தால் விளைவதில்லை, வேலைச் சுமையாலும் தெளிவற்ற ஏற்பாடுகளாலும் விளைகின்றன.

நன்றாக நடந்ததையும் அவ்வாறே நாள், நேரத்தோடு எழுதுங்கள். இரவில் மூன்று முறை வந்து பார்த்த செவிலியரைப் பற்றிய நான்கு வரிகள், பயிற்சியில் கற்றது பயன்பட்டது என்பதற்கு எந்தப் படிவத்தையும்விட உறுதியான சான்று.

கருத்துப் பெட்டி, கண்காணிப்பாளருக்குக் கடிதம் ஆகியவற்றோடு வேறு வழிகளும் உள்ளன. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறவும் குறைகளைத் தெரிவிக்கவும் இயலும். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்களிடம் கருத்துக் கேட்பதற்காக ஒன்றிய அரசு 2016-இல் மேரா அஸ்பதால் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. அதிலிருந்து உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வந்தால் விளம்பரம் என்று அழித்துவிடாமல் விடை அனுப்புங்கள்.

மருத்துவமனைகளுக்கும் இதில் கடமை உண்டு. பயிற்சிக்கு ஆளை அனுப்பும் முன்பே, எது மாற வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்தும், ஓராண்டு கழித்தும் அது மாறியதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பவர்களுள் நோயாளிகளும் குடும்பத்தாரும் இருக்க வேண்டும். பழக்கம் மாறியும் விளைவு மாறவில்லையெனில், குறை மருந்திலா, ஆள்பலத்திலா, வாகனத்திலா என்று தேட வேண்டும்.

தொடக்கத்தில் கண்ட அந்த வார்டுக்குத் திரும்புவோம். செவிலியர் தயங்கவில்லை; கதவைத் தட்டினார். மருத்துவர் எழுந்து வந்தார்; "நல்ல நேரத்தில் கூப்பிட்டாய், அம்மா" என்றார். ஊசி மருந்து குளிர்பெட்டியில் இருந்தது. தாயின் அக்கா கட்டிலருகே நின்று அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரேனும் சென்று, அன்றிரவு என்ன நடந்தது என்று கேட்டால், பயிற்சியின் மதிப்பீடு அங்கேயே தொடங்கிவிடும்.